விவரம் தவறு, மீண்டும் முயலவும்

அந்தப் பையை மேல வைக்காதீங்க சார். மடியிலயே வச்சுக்கோங்க. இந்த ரூட்டுல மேல வச்ச பை, அருப்புக்கோட்டை தாண்டுனா யாரோடதுன்னே சொல்ல முடியாது. எனக்கு இதுவரைக்கும் எதுவும் போனதில்ல. ஏன் போகலன்னா நான் மேல வைக்கிறதே இல்ல. இந்தா பாருங்க, கைப்பிடியை மணிக்கட்டுல சுத்தித்தான் வச்சிருக்கேன்.

உங்களைச் சொல்லல. நீங்க பாத்தா நல்ல மாதிரியாத்தான் இருக்கீங்க. ஆனா பாக்குறதுக்கு நல்ல மாதிரியா இருக்குறது ஒண்ணும் பெரிய வித்தையில்ல சார், அதை எவனும் செஞ்சுருவான். தூத்துக்குடியா போறீங்க? ஊரே அதுதானா? அப்ப ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சேர்மத்துரைன்னு ஒருத்தர், உப்பளத்துக்காரங்களுக்கு மோட்டார் ரிப்பேர் பண்ணிக் குடுக்குறவர், பட்டறை வச்சிருக்காரு. தெரியுமா? தெரியாதா. நெசமாவே தெரியாதா, இல்ல நமக்கு எதுக்கு வம்புன்னு சொல்றீங்களா? சரி, விடுங்க.

அவரை விசாரிக்கத்தான் போய்க்கிட்டு இருக்கேன். எங்க அக்காவுக்குப் பேசியிருக்கு. அக்கா பேரு இந்துமதி. நான் குணாளன். அவளுக்கு நான், எனக்கு அவ, வேற நாதி கிடையாது. நான் பள்ளிக்கூடம் படிக்கையிலயே அப்பா அம்மா அடுத்தடுத்துப் போயிட்டாங்க. அக்கா மதுரையில ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கா. வெள்ளென போனான்னா மத்தியானம் வீட்டுக்கு வந்துருவா. அவளைப் பாத்துட்டுப் போன அந்த சேர்மத்துரை என்ன சொல்லியிருக்காருங்கிறீங்க? "உங்க தம்பி ஒரு தடவை வந்து என்னையும் வீட்டையும் பாக்கட்டும். அவரு சரின்னா நான் பூ வைக்க வாரேன், இல்லன்னா வேண்டாம்." எப்படி இருக்கு பேச்சு? நல்லாத்தான் இருக்கு. அவ்வளவு நல்லா எதுக்குப் பேசணும்? அதுதான் எனக்கு இடிக்குது.

என் தொழிலா? சந்தேகப்படுறதுதான் சார் தொழில். சிரிக்காதீங்க, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க.

கே.கே. நகர்ல ஒரு கம்பெனி. கம்பெனின்னதும் கண்ணாடிக் கட்டடமா நினைச்சுக்கிட வேண்டாம். கீழ ஜெராக்ஸ் கடை, மாடியில நாங்க. வெப்சைட்டு செஞ்சு குடுக்குறோம். நீங்க ஆன்லைன்ல ஏதாவது படிவம் நிரப்பியிருப்பீங்கல்ல, கரண்டு பில்லோ, ரயில் டிக்கெட்டோ? பேரு, தேதி, போன் நம்பர்னு கட்டம் கட்டமா வரும். அதுல நீங்க போடுறது ஒழுங்கா இருக்கா இல்லையான்னு பாக்குறது என் வேலை. வெளிய இருந்து வர்ற எதையும் நம்பாதன்னுதான் எங்க தொழில்ல முதல் பாடமே. மத்தவங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்துப் பழக்கணும். எனக்கு அது பொறக்கும்போதே இருந்துச்சு.

இந்த பஸ்ஸையே எடுத்துக்கோங்க. மாட்டுத்தாவணியில ஏறுனதும் கண்டக்டர் வந்து டிக்கெட் குடுத்தாருல்ல? ஆனாலும் நடுவழியில செக்கிங் ஏறுறாங்களா இல்லையா? ஏறணும். கண்டக்டர் பாத்தது போதும்னு விட்டா அரசாங்கம் என்னத்துக்கு ஆகும்? அதே மாதிரிதான். உங்க போன்லயே ஒரு சோதனை நடக்கும், கட்டம் காலியா இருந்தா "நிரப்பவும்"னு சொல்லும்ல, அது கண்டக்டர். அதை ஏமாத்துறது ரொம்பச் சுலபம். அதைத் தாண்டி வந்ததை எங்க பக்கத்துக் கம்ப்யூட்டர்ல திரும்பவும் ஒரு தடவை பாப்போம். அது செக்கிங். நான் அந்தச் செக்கிங் ஆளு.

இதையெல்லாம் முதல்ல இருந்து எழுத வேண்டியதில்ல சார். பிரேம்வொர்க்குன்னு ஒண்ணு இருக்கு. கல்யாண மண்டபம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். மேடை, பந்தி, சமையக்கட்டு எல்லாம் அவனே கட்டி வச்சிருப்பான், நாம போய் நம்ம கல்யாணத்தை நடத்திக்கிட வேண்டியதுதான். படிவத்தைச் சோதிக்கவும் அதுலயே வழி இருக்கு. நான் விதியை மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். பேரு கட்டாயம். போன் நம்பருக்குப் பத்து எண். பிறந்த தேதி இன்னதுல இருந்து இன்னதுக்குள்ள. விதி மீறுச்சுன்னா உள்ள விடாது.

உள்ள விடாம என்ன செய்யும்ங்கிறீங்களா? இங்கதான் கதையே இருக்கு. படிவத்தை உங்ககிட்டயே திருப்பிக் காட்டும். நீங்க போட்டதெல்லாம் அந்தந்தக் கட்டத்துல அப்படியே இருக்கும். எந்தக் கட்டத்துல தப்போ அதுக்குக் கீழ மட்டும் சிவப்புல ஒரு வரி வரும், இன்னது தப்பு, சரி பண்ணுங்கன்னு. சரி பண்ணி அனுப்புனா ஏத்துக்கிடும். மண்டபத்துக்காரன் தானா செஞ்சு வச்சிருக்கிற மரியாதை அது.

நான் அதைப் பிடுங்கிப் போட்டேன்.

ஏன்னு கேளுங்க. பொய் சொல்ல வந்தவன்கிட்ட "ஐயா, உன் பொய்யில இந்த இடம்தான் சரியில்ல, இதை மட்டும் மாத்திட்டு வா"ன்னு சொல்லி அனுப்புவீங்களா? நீங்க அனுப்புவீங்களோ என்னமோ, நான் அனுப்ப மாட்டேன். அதனால எது மீறுனாலும் ஒரே பதில்தான். "விவரம் தவறு, மீண்டும் முயலவும்." எது தவறுன்னு வராது. போட்டதும் அழிஞ்சு போகும். நெசமான ஆளா இருந்தா திரும்ப முதல்ல இருந்து போடட்டும், மடியில கனமில்லன்னா என்ன பயம்? இன்னொண்ணும் செஞ்சேன். சில நேரம் தப்பு அவங்க பக்கம் இருக்காது, எங்க பக்கத்துலயே எதாவது உடையும். அப்ப உடைஞ்சதைப் பிடிச்சு ஓரமா வச்சுட்டு, "மன்னிக்கவும், எங்கள் பக்கம் கோளாறு"ன்னு ஒரு பக்கம் காட்டணும்பாங்க. நான் அதுக்கும் இதே வரியைத்தான் வச்சேன். விவரம் தவறு. நம்ம வீட்டு ஓட்டையை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?

எங்க ஆபீஸ்ல நிலோபர்னு ஒரு பிள்ளை. அது சொல்லுச்சு, "அண்ணா, பாஸ்வேர்டு கேக்குற இடத்துல இப்படிப் பூசி மெழுகுனா சரி. பேரு ஊரு கேக்குற இடத்துல எதுக்குண்ணா? எந்தக் கட்டம்னு சொல்லிட்டாத்தான் என்ன?" ஒரு பிள்ளை அவ்வளவு அக்கறையா கேட்டா என்ன அர்த்தம்? என் சீட்டு மேல கண்ணுன்னு அர்த்தம்.

என்ன வெப்சைட்டுன்னு சொல்லவே இல்லையே. எங்க ஆளுங்க சங்கத்துல வரன் பதிவு பண்ற சைட்டு. சங்கச் செயலாளர் தங்கமாரியப்பன் அண்ணாச்சி எங்க ஆபீஸுக்கே வந்து கேட்டாரு. "தம்பி, நம்ம பிள்ளைகளுக்கு நம்ம பிள்ளையே செஞ்சு குடுத்தா சந்தோசம். சுளுவா இருக்கட்டும்"னாரு. அவரு சொன்னது அவ்வளவுதான். விதியெல்லாம் நான் யோசிச்சுப் போட்டது. உயரம் இத்தனைக்கு மேல போனா பொய். ஒரே போன் நம்பர் ரெண்டு தடவை வந்தா பொய். பொண்ணுக்கு வயசு முப்பத்தஞ்சுக்கு மேல இருந்தா பொய்.

பொய்தானே சார்? முப்பத்தஞ்சுக்கு மேல ஒரு பொண்ணு வந்து பதிவு பண்ணுதுன்னா, எவனோ பொம்பளை பேருல வந்து விளையாடுறான்னுதானே அர்த்தம்? ஆம்பளைக்கா? ஆம்பளைக்கு அறுபது வரைக்கும் விட்டிருந்தேன். ஆம்பளைன்னா ஆயிரம் காரணம் இருக்கும்.

எங்க அக்காவுக்கா? நாப்பத்தொண்ணு. ஏன் கேக்குறீங்க?

சைட்டு ஓட ஆரம்பிச்சுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. நான் தினம் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையா லாக்கைப் பாப்பேன். லாக்குங்கிறது என்னன்னா, யாரு வந்தா, எப்ப வந்தா, எந்த விதியில மாட்டுனாங்கிறதைக் கம்ப்யூட்டரே எழுதி வைக்கும். அதுல பேரு விவரமெல்லாம் வராது. பொம்பளைப் பிள்ளைக விவரம் கண்ட இடத்துல கிடக்கக்கூடாதுன்னு நான்தான் மறைச்சு வச்சிருந்தேன். நேரமும், எந்த இணைப்புல இருந்து வந்துச்சுங்கிற நம்பரும், எந்த விதியில அடிபட்டுச்சுங்கிறதும் மட்டும் தெரியும்.

அதுலதான் ஒருத்தன் மாட்டுனான்.

ஒரே நம்பர். வந்தா மத்தியானம்தான் வருவான். பிறந்த தேதி விதியில அடிபட்டு வெளிய விழுவான். கொஞ்ச நேரத்துல திரும்ப வருவான். திரும்ப விழுவான். அடுத்த நாள் பாத்தா திரும்பவும் வந்திருப்பான். எனக்கு உடம்பெல்லாம் முழிச்சுக்கிருச்சு சார். நெசமான ஆளா இருந்தா ஒரு தடவை முட்டுவான், ரெண்டு தடவை முட்டுவான், போடா நீயும் உன் சைட்டும்னு போயிருவான். இப்படி விடாம முட்டுறவன் மனுசனா இருக்க முடியாது. ஏதோ மிஷினை ஏவி விட்டு எந்தக் கதவு திறக்குதுன்னு தட்டிப் பாக்குறான். நான் நிலோபரைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "மிஷினா இருந்தா ஒரு நிமிசத்துக்கு நூறு தடவை முட்டும்ணா. இது யாரோ உக்காந்து டைப் பண்ற வேகம். பாவம், யாரோ என்னமோ." பாவமாம். திருடனுக்குப் பாவம் பாத்தா தொழில் செய்ய முடியுமா?

அன்னைக்கு மத்தியானம் அவன் வந்தான். ஒரு தடவை முட்டவிட்டுப் பாத்தேன். அந்த நம்பரையே அடைச்சுட்டேன். இனிமே அந்த இணைப்புல இருந்து சைட்டே திறக்காது. மனசுக்குள்ள அவ்வளவு நிம்மதி. சாயங்காலம் வடை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன், அக்காவுக்குப் பிடிக்கும்.

வீட்டுக்குப் போனதும் சைட்டு எப்படி இருக்குன்னு பாப்போம்னு போன்ல திறக்குறேன், திறக்க மாட்டேங்குது. வைஃபையை அணைச்சுட்டுப் போன் நெட்டுல திறந்தா வருது. வைஃபையைப் போட்டா வரல. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. நான் அடைச்சது எங்க வீட்டு இணைப்பை. அப்படின்னா அந்தத் திருடன் எங்க வீட்டு வைஃபையில இருந்துதான் வந்திருக்கான்.

யாரு? வேற யாரு, கீழ்வீட்டு ஞானப்பிரகாசம். கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவர். எனக்கு அந்தாளு மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. ரிடையர் ஆன மனுசன் எந்நேரமும் போனைக் காதுக்குக் குடுக்காம கண்ணுக்குக் குடுத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. அதுக்கு நெட்டு எங்கிட்டு இருந்து வருது? விறுவிறுன்னு இறங்கிப் போனேன். அவரு வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாரு.

"அண்ணாச்சி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க"ன்னேன்.

"எதுக்குய்யா?"

"எங்க வைஃபை உங்க போன்ல எப்படி ஏறுச்சுன்னு பாக்கணும். மத்தியானம் மத்தியானம் சங்கத்து வரன் சைட்டுல போய் எவன் முட்டுறான்னு எனக்குத் தெரியும்."

அந்தாளு சொம்பைக் கீழ வச்சுட்டு என்னையே பாக்குறாரு. "எனக்கு எதுக்குய்யா வரன் சைட்டு? நான் பேத்தி எடுத்தவன். அதுவும் உங்க சங்கமும் கிடையாது."

நான் விடல. நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரியே சொன்னேன். "இந்த வயசுல கல்யாண சைட்டுல போய் முட்டிக்கிட்டு நிக்க வெக்கமா இல்லையா?"

மாடிப்படியில இருந்து அக்கா குரல். எப்ப இறங்கி வந்தான்னே தெரியல. கையில அந்த வடைப் பொட்டலம் பிரிக்காம அப்படியே இருக்கு.

"அவரை ஏன்டா கேக்குற? முட்டுனது நான்தான்."

ஞானப்பிரகாசம் சொம்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு. கதவைச் சத்தமில்லாம சாத்துனாரு. கத்திட்டுப் போயிருந்தாக்கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

நான் கேட்டேன், "நீ எதுக்குக்கா அதுல போன?" எல்லாரும் எதுக்குப் போவாங்களோ அதுக்குத்தான்னா. எங்கிட்ட ஏன் சொல்லலன்னேன். அவ படியிலயே உக்காந்துட்டா. உக்காந்து, சண்டை போடுற மாதிரி இல்ல சார், லேப்ல ரிப்போர்ட்டு படிச்சுச் சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி சொல்றா.

"முதல் தடவை எல்லாம் ஒழுங்காத்தான் போட்டேன். விவரம் தவறுன்னு வந்துச்சு. போட்டோ சரியில்ல போலன்னு வேற போட்டோ எடுத்தேன். அதுக்கும் தவறுன்னுச்சு. உயரத்தைக் குறைச்சுப் போட்டேன். டிப்ளமான்னு போட்டிருந்ததைப் பன்னெண்டாவதுன்னு மாத்துனேன். சம்பளம் கூடுதலோன்னு அதைக் குறைச்சேன். லேப்ல ரத்தம் எடுக்கிறவன்னா பிடிக்காது போலன்னு வேலையையே எடுத்துட்டு வீட்ல இருக்கேன்னு போட்டேன். பிறந்த தேதியை மட்டும் மாத்தல. அது பொய்யாயிரும்ல. ஒவ்வொரு தடவையும் எல்லாம் அழிஞ்சு போகுது, திரும்ப முதல்ல இருந்து எழுதுறேன். என்னைப் பத்தின்னு ஒரு பெரிய கட்டம் இருக்குல்ல, அதுல முதல்ல நிறைய எழுதியிருந்தேன். கோலம் போடுவேன், பழைய பாட்டு கேப்பேன், தம்பியைப் படிக்க வச்சேன்னு. எழுத எழுதக் கை வலிச்சுச்சு. கடைசியில 'சமைப்பேன்'னு மட்டும் போட்டேன். அதுவும் தவறுன்னு வந்துச்சு."

அப்புறம் சொன்னா, "ஒரு ஆளுகிட்ட ரத்தம் எடுத்து அது உறைஞ்சு போச்சுன்னா, உறைஞ்சுருச்சு, இன்னொரு தடவை குடுங்கன்னு சொல்லுவோம். அவரு ரத்தமே தப்புன்னு சொல்லி அனுப்ப மாட்டோம். எது தப்புன்னு அது சொல்லவே இல்லடா. நானே தப்பு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

நீங்களே சொல்லுங்க சார், இதுல நான் எங்க வந்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ளுக்குள்ளயே புகுந்து அவ பேரை ஏத்தி விட்டிருப்பேன். ஒரு வினாடி வேலை. அவ சொல்லல. கூடப் பொறந்தவன் செஞ்ச சைட்டுலயே ரகசியமா வந்து முட்டுறா. எனக்குத்தானே வலிக்கும்? அதைத்தான் அவகிட்டயும் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவ என்னைப் பாத்தா. "நீ எப்படா வேண்டாம்னு சொன்ன? சரியில்லன்னுதான் சொல்லுவ."

அது வேற கதை சார். முன்னாடி வந்த வரன்களைச் சொல்றா. வந்துச்சு, இல்லங்கல. எல்லாத்தையும் நான்தான் விசாரிச்சேன், வேற யாரு இருக்கா? ஒருத்தர் திருமங்கலத்துல உரக்கடை வச்சிருந்தாரு. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னாரு, தயார் பண்ணி வச்ச மாதிரி. இன்னொருத்தர் எதுக்கும் யோசிச்சு யோசிச்சுப் பதில் சொன்னாரு, எதையோ மறைக்கிற மாதிரி. இன்னொருத்தர் அம்மாவுக்கு ரொம்ப நல்ல குணம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து அக்காகிட்ட "சரியில்லக்கா"ன்னேன். அவளும் சரின்னுட்டுச் சோறு போட்டா. ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல சார், அவ கேட்டாத்தானே நான் சொல்லுவேன்?

இப்பதான் அந்த நெனப்பெல்லாம் வருது. சரி, அதை விடுங்க.

அடுத்த நாள் அக்கா லேப்புக்கு லீவு போட்டுட்டு நேரா சங்கத்து ஆபீஸுக்குப் போயிட்டா. தங்கமாரியப்பன் அண்ணாச்சி, "சைட்டுல ஏறலையாம்மா? அதுக்கென்ன, சொல்லு நான் எழுதிக்கிறேன்"னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டாராம். வயசு நாப்பத்தொண்ணுன்னு சொன்னதும், "அந்த வயசுக்கு ஏத்த ஆளு இருக்காரும்மா"ன்னு உடனே சொன்னாராம். அவருதான் இந்த சேர்மத்துரை. நாப்பத்தேழு வயசு. முதல் சம்சாரம் தவறிப் போச்சு, பிள்ளை இல்ல. மதுரைக்கு வந்து, கோயில்ல வச்சு அக்காவைப் பாத்துப் பேசிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ சமையக்கட்டுல பாட்டுப் பாடுனா சார். அவ பாடுவாங்கிறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

அதனாலதான் இந்தத் தடவை ரொம்பக் கவனமா இருக்கணும்னு நினைக்கிறேன். அவ அவ்வளவு ஆசையா இருக்கா. ஆசையா இருக்கிறவங்களைத்தான் சார் ஏமாத்துவாங்க. அவருகிட்ட என்னென்ன கேக்கணும்னு போன்ல வரிசையா எழுதி வச்சிருக்கேன். பட்டறை சொந்தமா வாடகையா. முதல் சம்சாரத்துக்கு என்ன சீக்கு. குடி உண்டா. எல்லாம் இருக்கு. முதல் கேள்வியே வயசுதான். நாப்பத்தேழுன்னு அவரு வாயால சொல்றாரு, ஆதாரத்தைக் காட்டட்டுமே.

இருங்க, அக்காதான் கூப்பிடுறா. "சொல்லுக்கா. ஆமா, பஸ்ஸுலதான். எட்டயபுரம் தாண்டிருச்சு. சாப்பிட்டேன். இல்ல, தலை சுத்தலெல்லாம் ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஒரு சார் இருக்காரு, பேசிக்கிட்டு வாரேன். என்னது? சரி. சரிக்கா. கேட்டுச்சு. வச்சுரு."

என்ன சொன்னாளா? அவரு என்ன சட்டையில வருவாரு, என்ன பேசணும், எதுவும் சொல்லல. "சரியில்லன்னு தோணுச்சுன்னா, எது சரியில்லன்னு அவருகிட்டயே சொல்லிட்டு வா. சும்மா சரியில்லன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காத. இனிமே என்னால முதல்ல இருந்து எழுத முடியாது." அவ்வளவுதான் சொன்னா.

அவ நினைச்சுக்கிட்டு இருக்கா, நான் எதையும் காதுல வாங்க மாட்டேன்னு. நான் வாங்காமலா இருக்கேன்? சைட்டையே மாத்திட்டேன் சார். நிலோபர்கிட்ட மூச்சு விடல, விட்டா நான் சொன்னேன்ல அண்ணான்னு நிக்கும். நானே உக்காந்து மாத்துனேன். இந்தா, உங்களுக்கே காட்டுறேன், பாருங்க. அக்கா விவரத்தையே போடுறேன். பேரு இந்துமதி. பொண்ணு. பிறந்த தேதி, சரியான தேதிதான் போடுறேன். படிப்பு டிப்ளமா. வேலை லேப் டெக்னீஷியன். என்னைப் பத்தியா? அவ முதல்ல எழுதுனதையே போடுறேன். கோலம் போடுவேன். பழைய பாட்டு கேப்பேன். தம்பியைப் படிக்க வச்சேன்.

இப்ப அனுப்புறேன். பாத்தீங்களா? ஒண்ணும் அழியல. பேரு அப்படியே இருக்கு. டிப்ளமா அப்படியே இருக்கு. தம்பியைப் படிக்க வச்சேன், அதுவும் இருக்கு. பிறந்த தேதிக்குக் கீழ மட்டும் சிவப்புல எவ்வளவு தெளிவா வருது பாருங்க. "வயது தவறு. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்." இப்ப யாருக்கும் எந்தக் குழப்பமும் வராதுல்ல? எது தப்புன்னு பளிச்சுன்னு சொல்லிருச்சுல்ல?

என்ன சார்?

வயசை எப்படிச் சரி பண்றதா?

அது வந்து, அது விதி சார். விதி அப்படியேதான் இருக்கு, அதை மரியாதையா சொல்ற மாதிரி மட்டும்தான் மாத்துனேன். நான்தான் எழுதுனேன். சங்கத்துல யாரும் கேக்கல. பொய் பேருல எவனாவது வந்தான்னா. இல்ல, நீங்க சொல்றது புரியுது. வயசு தப்பா இருந்தா மாத்தலாம். வயசு சரியா இருந்தா என்னத்தை மாத்துறது. புரியுது சார். இவ்வளவு நேரம் தலையாட்டிக்கிட்டு வந்துட்டுக் கடைசியில இதைக் கேக்குறீங்களே.

ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. வெக்கையா இருக்கு.

ஊரு வந்துருச்சா? பஸ் ஸ்டாண்டு இதுதானா? அங்க பாருங்க, வேப்ப மரத்துக்குக் கீழ, நீலச் சட்டை, கையில தண்ணி பாட்டிலு. அவருதான். அக்கா போட்டோ காட்டியிருந்தா. நான் எந்த பஸ்ஸுல வாரேன்னு அவருகிட்டச் சொல்லவே இல்லையே. இவரு எப்ப இருந்து நிக்கிறாரு? சட்டை பூரா வேர்வை. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு நின்னிருப்பாரு போல. தலை நல்லாவே நரைச்சிருக்கு சார். சாயம்கூட அடிக்காம அப்படியே வந்து நிக்கிறாரு.

ஒரு நிமிசம் இருங்க சார், இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த வரிசையில முதல் கேள்வியை எடுத்துர்றேன். வயசைக் கேக்க வேண்டாம். ரெண்டாவதுல இருந்து கேட்டுக்கிறேன். சைட்டுல இருக்கிற விதியை ஆபீஸுக்குப் போய்த்தான் எடுக்கணும், இதை இங்கயே எடுத்துரலாம்ல.

அழிக்க மாட்டேங்குது, கை வேர்த்துருச்சு. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க சார்.